நாய்க்கு எப்படித் தெரிகிறது?

பண்டார் தெங்காராவைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. அங்குள்ள குடியிருப்புகளில் நாய் வளர்ப்போர் உண்டு. மோட்டார் சைக்கிளைக் கண்டால் குரைத்துக்கொண்டு ஓடும் நாய், கைத்தடி ஊன்றி வரும் பாட்டியின் பக்கத்தில் மெல்ல நடக்கும். பிள்ளைகளிடம் துள்ளிக் குதிக்கும், பாட்டியிடம் துள்ளாது. “அதற்கு எல்லாம் தெரியும்” என்பர் வீட்டார். எப்படித் தெரிகிறது?

முதல் விடை அதன் மூக்கில் இருக்கிறது. மனிதர் பதற்றமடையும்போது அவர்தம் வியர்வையின் மணமும் மூச்சின் மணமும் மாறுகின்றன. வட அயர்லாந்தில் உள்ள பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து, 2022இல் முடிவை வெளியிட்டனர். பங்கேற்றோருக்குக் கடினமான மனக்கணக்கு ஒன்று கொடுக்கப்பட்டது. கணக்கிடுவதற்கு முன்னும் பின்னும் அவர்களின் வியர்வையும் மூச்சும் சேகரிக்கப்பட்டன. பயிற்சி பெற்ற 4 நாய்கள், பத்தில் ஒன்பது முறைக்கும் மேலாகப் பதற்றத்தின் மணத்தைச் சரியாகப் பிரித்துக் காட்டின. கணக்கைக் கண்டு வியர்ப்பது மாணவர்கள் மட்டும் அல்லர் போலும்!

மணத்தை அறிவது ஒன்று. அதற்கேற்ப நடந்துகொள்வது வேறு. 2012இல் இலண்டனில் நடந்த ஓர் ஆய்வில், நாயின் உரிமையாளரும் அறிமுகமில்லாத ஒருவரும் மாறி மாறி அழுவதுபோல் நடித்தனர். பிறகு பாட்டை முணுமுணுத்தனர். 18 நாய்களில் 15 நாய்கள் அழுதவரை நாடிச் சென்றன. முணுமுணுத்தவரை நாடியவை 6 மட்டுமே. அறிமுகமில்லாதவர் அழுதபோதும் அவை தம் உரிமையாளரிடம் ஓடவில்லை. அழுதவரிடமே தலையைத் தாழ்த்திச் சென்றன. இதைப் பரிவு என்று உடனே சொல்லிவிட முடியாது. வருந்துவோரை நெருங்கும்போதெல்லாம் தடவிக் கொடுக்கப்பட்ட பழக்கமாகவும் இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்களே எச்சரித்தனர்.

மலேசியாவில் இந்தப் பண்பைப் பயனுள்ள பணியாக மாற்ற முயன்றவர் அந்தோணி தனசாயன். சக்கர நாற்காலியில் வாழ்ந்தபடியே ‘தி ஸ்டார்’ நாளிதழில் உடற்குறையுடையோரின் உரிமைகளைப் பற்றி எழுதியவர். பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்ற உறுப்பினராகவும் இருந்தவர். உடற்குறையுடையோருக்கும் முதியோருக்கும் விலங்குகளின் துணையால் ஆறுதல் அளிக்க, ‘பெட்பாசிட்டிவ்’ என்னும் சங்கத்தை அவர் தொடங்கினார்.

எல்லா நாய்களும் இப்பணிக்கு ஏற்றவை அல்ல. சக்கர நாற்காலி நகரும் ஓசைக்கும், திடீரென எழும் குரலுக்கும், காதை இறுகப் பிடிக்கும் கைக்கும் மிரளாத நாயே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். மனிதரின் விருப்பத்தையும் கேட்டறிய வேண்டும். சிலருக்கு நாய் என்றாலே அச்சம். சிலர் சமய நெறிப்படி நாயைத் தொடுவதைத் தவிர்ப்பர். அவர்கள் இருக்கும் அறைக்குள் நாயை அழைத்துச் செல்வது முறையன்று.

நாய்க்கும் ஒரு மொழி உண்டு. பசியில்லாதபோதும் உதட்டை நக்குவதும், முகத்தைத் திருப்பிக்கொள்வதும், களைப்பின்றியே கொட்டாவி விடுவதும் அது சங்கடப்படுவதைக் காட்டலாம். அப்போது கையை எடுத்துவிட்டு, அதைச் சற்று நேரம் வெளியே நிழலில் படுக்கவிட வேண்டும்.