காமிராவும் கார்காலமும்

சென்ற ஐப்பசித் திங்களில், ராயபுரத்திலுள்ள நம் இல்லத்து மரப்பெட்டியைத் திறந்து, பாட்டனார் விட்டுச்சென்ற காமிராவை வெளியே எடுத்தோம். ஞானஸ்நானம், விவாகம், அறுப்பின் பண்டிகை ஆகியவற்றை நெடுங்காலம் படம் பிடித்த கருவி அது. தோலுறை பழுதின்றியே இருந்தது. வில்லையைச் சாளரத்து வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தபோதோ, சிலந்திவலை போன்ற வெண்ணிழைகள் உள்ளே படர்ந்திருக்கக் கண்டோம். துடைத்தும் அகலவில்லை, அது வில்லைகளின் நடுவே வளர்ந்த பூசணம். பழுது தீர்ப்பவர் பூசணத்தை அகற்றினார். அதன் தடத்தை அகற்ற அவராலும் இயலவில்லை. பூசணம் சுரக்கும் அமிலம் வில்லையின் மேற்பூச்சையும், நாட்பட்டால் கண்ணாடியையுமே அரித்துவிடும்.

மழை மறைவு நாடாகிய திருப்பூரில் ஈரத்திற்கு என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். நாமும் அங்ஙனமே எண்ணியிருந்தோம். ஆவணியும் புரட்டாசியுமே கார் என்பது இலக்கண நூலார் துணிபு. நம்மூருக்கோ ஐப்பசியும் கார்த்திகையுமே கார். அம்மாதங்களில் மூடிய பெட்டிக்குள் புகுந்த ஈரம் எளிதில் வெளியேறாது.

அன்றியும், பாட்டனார் அக்கருவியைப் பனியன் துணியில் சுற்றி வைத்திருந்தார். பனியன் ஊரார் வேறு எதில் சுற்றுவர்! ஆனால் பருத்தி ஈரத்தை நாடும் பொருள். நன்குலர்ந்த பஞ்சு நூறு பங்கு எனின், காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கும்போது அது ஏறத்தாழ 8 பங்கு நீரை ஏற்றுக்கொள்ளும். கைக்கோ உலர்ந்ததாகவே தோன்றும். தோலுறையும் அத்தகையதே; ஈரத்தைத் தாங்குவதோடு பூசணத்திற்கு உணவுமாகும். ஆதலின் உறை பயணத்திற்கே உரியது, சேமிப்பிற்கு உரியதன்று. அந்துருண்டை இடுவோரும் உளர். அது பூச்சியை விரட்டுமேயன்றி ஈரத்தை உறிஞ்சாது.

மருந்து நம் தெருவிலேயே உண்டு. ஏற்றுமதியாகும் ஆடைகளோடு இடும் சிறு பொட்டலங்களை யாவரும் கண்டிருப்போம். அவற்றிலுள்ள மணிகளே சிலிக்கா ஜெல். காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் அம்மணிகளையும், சிறியதோர் ஈரமானியையும், உறை நீக்கிய காமிராவையும் வைத்தல் போதும். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டிற்குள் நிற்க வேண்டும். 60ஐத் தாண்டி நீடித்தால் பூசணத்திற்கு வழி திறக்கும். 30க்குக் கீழே இறங்கினாலோ ரப்பரும் மசகும் கெடக்கூடும். ஈரமேறினால் நீலமணி இளஞ்சிவப்பாகும், செம்மஞ்சள் மணி பச்சையாகும். அவ்வாறு நிறம் மாறியவற்றை மின்னடுப்பில் 120 பாகை செல்சியஸ் அளவில் இரண்டொரு மணி நேரம் காய்ச்சினால் மீண்டும் பயன்படும். நீலமணியில் கோபால்ட் உப்பு உண்டு. அது நஞ்சாதலின் உணவு சமைக்கும் அடுப்பிலே அதனை இடலாகாது.

குளிரூட்டிய மண்டபத்திலிருந்து வெளியே வருமுன் காமிராவைப் பையிலிட்டு மூடுக. வெளிவெப்பம் அதற்கு ஏறியபின் திறக்கலாம். இன்றேல் குளிர்ந்த செம்பின் புறத்தே அரும்பும் நீர்த்துளிகள் வில்லையிலும் அரும்பும். நனைந்த கருவியை நன்குலர்த்தாது பெட்டியில் இடலாகாது. நெடுநாள் வைப்பதாயின் மின்கலத்தைக் கழற்றிவிடுக. எனினும் வாரம் ஒருமுறையேனும் எடுத்துப் படம் பிடிப்பதே சிறந்தது. பூசணம் விரும்புவது இருளும் அசையாத காற்றுமாம்.

பாட்டனாரின் காமிரா இப்பொழுது அத்தகைய பெட்டியில் இருக்கிறது. ஈரமானி இன்று காலை 46 காட்டிற்று. வெயிலுக்கு எதிரே பிடித்த படங்களில் மட்டும் மெல்லியதோர் மங்கல் விழுகிறது.