பற்சிப்பியும் பாறைச் சிப்பியும்

நுழையும்முன்

உடைந்த எலும்பு கூடும். கீறிய தோல் ஆறும். சிதைந்த பல்லோ தானே வளர்ந்து நிரம்புவதில்லை. அதனை நிரப்பிக் காக்க மனிதன் இயற்கையிடமே பாடம் கேட்ட வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

சுவர் கற்பிக்கும் பாடம்

கள்ளக்குறிச்சி மாவட்டம், கெடிலக் கரையிலுள்ள திருநாவலூர், சுந்தரர் பிறந்த ஊர். அவ்வூர்க் கோயில் போன்ற பழங்கோயில்களின் கோபுரங்களில் செங்கல்லையும் சுண்ணாம்புச் சுதையையும் காண்கிறோம். கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சாந்து, கல்லோடு கல்லாக இறுகும். பூச்சு வேலைக்கு முன் கொத்தனார் வழவழப்பான சுவரைக் கொத்திச் சொரசொரப்பாக்குவார். நீர் தெளித்து ஈரமாக்குவார். சொரசொரப்பு சாந்துக்குப் பிடிப்பைத் தரும். ஈரம் அதனைச் சுவரோடு இணைக்கும். பல் மருத்துவம் இவ்விரண்டு உண்மைகளையும் தன் வழியில் கண்டறிய நெடுங்காலம் ஆயிற்று.

பல்லின் கட்டமைப்பு

பல்லின் மேலுறை பற்சிப்பி எனப்படும் எனாமல். நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் இது. இதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமம். பல் முளைக்கும்போதே இதனை உருவாக்கிய செல்கள் அழிந்துவிடுவதால், இழந்த எனாமலை உடல் மீண்டும் படைக்க இயலாது. எனாமலுக்கு அடியில் உள்ளது டென்டின். அதன் எடையில் சுமார் 70 விழுக்காடு கனிமம், 20 விழுக்காடு கொலாசன் முதலிய கரிமப் பொருள், எஞ்சியது நீர். எனாமல் கடினமானது, ஆனால் நொறுங்கும் இயல்புடையது. டென்டின் சற்றே நெகிழ்வுடையது. இரண்டையும் இயற்கை உறுதியாகப் பிணைத்திருப்பதால் பல் கடிக்கும் விசையை வாழ்நாள் முழுவதும் தாங்குகிறது.

ஒட்டும் கலை பிறந்தது

முற்காலத்தில் சொத்தைப் பல்லின் குழியைப் பாதரசக் கலவையால் நிரப்பினர். அது பல்லோடு ஒட்டுவதில்லை. ஆகவே, கலவை கழன்று விழாதிருக்க நல்ல பகுதியையும் குடைந்து, வாய் குறுகி உள்ளே அகன்ற குழியாக்க வேண்டியிருந்தது. நோயுற்ற பகுதியை நீக்குவதற்காக நோயற்ற பகுதியும் இழக்கப்பட்டது.

1955ஆம் ஆண்டு அமெரிக்காவின் மைக்கேல் பூனகோர் இதற்கு ஒரு தீர்வு கண்டார். உலோகப் பரப்பில் வண்ணம் நன்கு பற்றுவதற்காகத் தொழிலகங்களில் பாஸ்பாரிக் அமிலம் பூசுவதை அவர் அறிந்திருந்தார். அதே அமிலத்தை எனாமலில் தடவியபோது கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் தோன்றின. அவற்றுள் பிசின் புகுந்து இறுகிப் பற்றிக்கொண்டது. கொத்தனார் சுவரைக் கொத்துவதும் இதுவும் ஒரே நெறி.

டென்டின் அவ்வளவு எளிதில் வசப்படவில்லை. அது ஈரமானது. அமிலம் கனிமத்தைக் கரைத்தபின் எஞ்சும் கொலாசன் இழைகள், முற்றும் உலர்ந்தால் சுருங்கிப் படிந்துவிடும். பிசின் உள்ளே புக முடியாது. 1982இல் சப்பானியரான நகபயாசியும் அவர்தம் குழுவினரும் பிசினும் கொலாசனும் பின்னிக் கலந்த ஓர் அடுக்கை விளக்கினர். அது கலப்பு அடுக்கு எனப்பட்டது. எனினும் ஆண்டுகள் செல்லச்செல்ல நீர் பிசினைச் சிதைக்கிறது. டென்டினிலுள்ள நொதிகள் பாதுகாப்பற்ற கொலாசனை அரிக்கின்றன. பிணைப்பு தளர்கிறது.

கடல் தந்த விடை

ஈரத்தில் ஒட்டுவது எப்படி? இவ்வினாவிற்கு விடை, கெடிலம் சென்று கலக்கும் கடலைப் போன்ற கடல்களில் இருக்கிறது. அலை மோதும் பாறையில் சில சிப்பிகள் நூல்போன்ற இழைகளை விட்டு, அவற்றின் நுனியால் பற்றி நிற்கின்றன. பொதுவான பசைகள் நீருக்குள் தோற்பதற்குக் காரணம், பரப்பின்மீது முன்னமே படிந்திருக்கும் நீர்ப்படலமாகும். சிப்பியின் ஒட்டுப் புரதங்களில் தோபா என்னும் அமினோ அமிலம் மிகுதியாக உள்ளது. அது நீர்ப்படலத்தைக் கடந்து பரப்போடு பிணைகிறது. 2007இல் மெசர்சுமித்தின் குழுவினர், தோபாவோடு உறவுடைய தோபமைன் என்னும் எளிய மூலக்கூறைக் கொண்டே பல்வேறு பரப்புகளில் ஒட்டும் மெல்லிய படலத்தை உருவாக்கிக் காட்டினர். இந்நெறியைப் பின்பற்றி, டென்டினின் கொலாசனைக் காத்து ஒட்டும் பசைகளை அறிவியலாளர் ஆய்ந்து வருகின்றனர்.

இயற்கையைப் பின்பற்றுவதற்கு வேறொரு வழியும் உண்டு. வில்சன், கென்ட் ஆகிய ஆங்கில அறிவியலாளர்கள் 1972இல் வெளியிட்ட கண்ணாடி அயனோமர் சாந்து, பல்லின் கால்சியத்தோடு வேதிப்பிணைப்பு கொள்கிறது. ஃபுளூரைடையும் சிறிது சிறிதாக வெளியிடுகிறது. பாலிலுள்ள கேசின் புரதத்தின் துணுக்குகள், கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் நிலைநிறுத்தித் தாங்கிச்சென்று, அரிப்புற்ற எனாமலில் கனிமம் மீளப்படியத் துணைசெய்கின்றன.

தெரிந்து தெளிவோம்

வாயின் அமிலநிலை ஏறத்தாழ 5.5 pH அளவிற்குக் கீழ் இறங்கினால் எனாமலின் கனிமம் கரையத் தொடங்கும். இனிப்பு உண்டபின் வாய் கொப்பளிப்பது அமிலத்தை நீர்க்கச் செய்யும். உமிழ்நீரோ அமிலத்தைச் சமன்செய்து, இழந்த கனிமத்தின் ஒரு பகுதியை மீட்டுத்தரும்.

முடிவுரை

நிரப்பும் பொருள் எதுவாயினும் அது இயற்கைப் பல்லுக்கு முழு ஈடாகாது. ஆகவே, குறைவாகக் குடைந்து நிறைவாக ஒட்டுவதே இன்றைய பல் மருத்துவத்தின் நோக்கம். குடைய வேண்டிய தேவையே எழாமல் காப்பது நம் கடமை. ஆலங்குச்சியாலும் வேலங்குச்சியாலும் பல் துலக்கிய முன்னோர் உணர்ந்திருந்ததும் அதுவே. எனாமலுக்குப் பற்சிப்பி எனத் தமிழில் பெயர் வழங்குகிறது. அதன் அடியிலுள்ள ஈர டென்டினில் ஒட்டும் நுட்பத்தைக் கடற்சிப்பி கற்பிப்பது இனிய பொருத்தமே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்க் கொத்தனாரிடம் பூச்சு வேலையின் படிநிலைகளைக் கேட்டறிந்து, அவற்றைப் பல் நிரப்பும் முறையோடு ஒப்பிட்டு எழுதுக.
2. இயற்கையைப் பார்த்து மனிதன் உருவாக்கிய பொருள்கள் மூன்றனைத் தொகுத்து வகுப்பில் உரையாற்றுக.