விமானமும் மிதக்கும்

வில்கமுவவில் விமானம் கிடையாது. மாத்தளை மாவட்டத்தின் ஓடுபாதை அந்தப் பக்கம் சிகிரியாவில், விமானப்படையின் கையில் இருக்கிறது. நானோ இரத்மலானை ஹாங்கர்களில் சிறு விமானங்களைக் கழற்றிப் பூட்டிக் காலம் கழித்துவிட்டு, இங்கே வயலும் தோட்டமுமாக இருப்பவன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் தீவையே புரட்டிப் போட்ட பிறகு, ஊரில் உள்ளவர்கள் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தையும் வாட்டர் பம்பையும் பற்றிக் கேட்கிறார்கள். பழைய வேலையிடத்துப் பையன்கள் தொலைபேசியில் செஸ்னாவைப் பற்றிக் கேட்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் சொல்வதில் பாதி ஒன்றேதான்.

முதலில் விமானத்துக்கு மட்டும் உள்ள ஒரு சங்கடம். அது பறப்பதற்காக இலேசாகச் செய்யப்பட்ட பொருள். நான்கு பேர் உட்காரும் செஸ்னா 172 இன் வெற்று எடை ஏறத்தாழ 750 கிலோ. ஒரு ஹையேஸ் வானின் பாதிகூட இல்லை. 750 லீற்றர் தண்ணீரை விலக்கினால் போதும், மிதந்துவிடும். வயிற்றுப் பகுதியும் வாலும் உள்ளே வெறும் கூடு என்பதால், அடிப்பாகம் நனையத் தொடங்கியதும் சக்கரங்கள் நிலத்தை விடப் பார்க்கும். உள்ளே நீர் புகுந்து கனக்கும்வரை அது படகுதான், துடுப்பும் நங்கூரமும் இல்லாத படகு. பக்கத்து விமானத்தில் முட்டும், வேலியில் ஏறும், செட்டைநுனி நசுங்கும். நனைந்ததால் கெட்ட விமானத்தைப் பெரும்பாலும் பணம் செலவழித்து மீட்கலாம். மிதந்து மோதியதில் முதுகெலும்பு வளைந்ததை மீட்பது கடினம்.

சென்னையில் 2015 டிசம்பரில் நடந்தது இதுதான். மீனம்பாக்கம் விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின்மேல் பாலம் போட்டுக் கடக்கிறது. டிசம்பர் 1 ஆம் திகதி தொடங்கி மறுநாள் காலைவரை அங்கே 35 சென்டிமீட்டர் அளவில் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிடப்பட்ட நீரும் அதே ஆற்றில் வந்தது. 1 ஆம் திகதி இரவு மூடிய நிலையம் 6 ஆம் திகதிதான் முழுமையாகத் திறந்தது. இடையில் அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகளை ஏற்றினார்கள். பெரிய விமானங்கள் கனத்தால் பிழைத்துக்கொண்டன. ஓரத்தில் நின்ற சிறியவை ஒதுங்கிச் சாய்ந்து கிடந்த படங்களை எங்கள் தொழிலில் பார்க்காதவர் இல்லை. எங்களுக்கு அது அந்நிய ஊரும் அல்ல. 1935 நவம்பரில் இரத்மலானையில் முதன்முதலாக வந்திறங்கிய விமானத்தை ஓட்டிவந்தவர், சென்னை ஃப்ளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்றுநர்.

வில்கமுவவில் இருப்பவர்கள் வானத்தைப் பார்த்து வெள்ளத்தைக் கணிப்பதில்லை. மேலே விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை என்று மகாவலியில் வரிசையாக அணைகள். இங்கே வெயில் அடிக்கும்போதே ஆறு ஏறலாம். வான்கதவு திறக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தால், கரையோரத்து ஆள் பேச்சை நிறுத்திவிட்டு பம்பைக் கழற்றப் போவார். விமானம் வைத்திருப்பவரிடம் இந்தப் பழக்கம் அபூர்வம். முகிலையும் காற்றையும் துல்லியமாகப் படிப்பார். தன் ஓடுபாதையின் தண்ணீர் எந்தக் கால்வாயில் வடிகிறது, அந்தக் கால்வாய் எந்த ஆற்றில் விழுகிறது, அந்த ஆற்றின் கதவு யார் கையில் என்று கேட்டால் விழிப்பார். நீர்ப்பாசனத் திணைக்களத்தின் ஆற்று மட்ட அறிவிப்பையும் 117 என்ற அனர்த்த முகாமைத்துவ இலக்கத்தையும் வானிலை அறிக்கைக்குச் சமமாக வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

ஏனென்றால் விமானத்துக்கு உள்ள மிகச் சிறந்த பாதுகாப்பு, அது எழும்பிப் போய்விடக்கூடியது என்பதே. லாண்ட்மாஸ்டருக்கு அந்த வரம் இல்லை. எங்கே போவது என்பது பருவத்தைப் பொறுத்தது. மே, ஜூனில் தென்மேற்கு மழை கொட்டி இரத்மலானைச் சுற்றுப்புறம் நீரில் நிற்கும்போது, சிகிரியா, ஹிங்குராங்கொடை பக்கம் காய்ந்து கிடக்கும். நவம்பர், டிசம்பரில் கதை தலைகீழ். டித்வா மாதிரி ஒன்று வந்தால் தீவில் உலர்ந்த மூலை தேடுவதே பாடு. அனுமதி எடுக்க நேரம் ஆகும், விமானி வெளியூரில் இருப்பார், முகில் தாழ்ந்துவிடும். ஆகவே தீர்மானம் மழைக்கு முந்தைய நாளில் எடுக்கப்பட வேண்டும். மழைக்குள் தப்பியோட நினைப்பது விமானத்தோடு ஆளையும் இழக்கும் வழி.

போக முடியாவிட்டால் நிலையத்தின் உயரமான மூலையைத் தேடுங்கள். பெரும்பாலும் அது ஹாங்கர் அல்ல. ஹாங்கருக்குள் நீர் புகுந்தால் எண்ணெய் பீப்பாய்களும் ஏணியும் மிதந்து இறக்கையைக் குத்தும். ஹாங்கரில்தான் விட வேண்டுமென்றால் அவற்றையெல்லாம் முதலில் வெளியேற்றிவிட வேண்டும். மரக்கட்டை அடை சக்கரத்தடியிலிருந்து மிதந்து போய்விடும். ரப்பர் அடையோ மணல் மூட்டையோ வையுங்கள். சணல் கயிறு நனைந்தால் சுருங்கி இழுக்கும், நைலோன் நல்லது. ஆனால் கயிறு காற்றுக்கான மருந்து. நீர் வயிற்றைத் தாண்டும் என்று தெரிந்தால், கயிற்றால் செய்யக்கூடியது அது இன்னொன்றில் மோதாமல் தடுப்பது மட்டும்தான்.

எரிபொருள் தாங்கியை நிரப்பினால் கனம் கூடும் என்பார்கள். உயர்ந்த இறக்கை உள்ள செஸ்னாவுக்கு அது சரி: 200 லீற்றர் என்றால் சுமார் 144 கிலோ. இறக்கை தாழ்வாக உள்ள பைப்பருக்கு அந்தக் கணக்கு பாதியில் முறியும். விமானப் பெற்றோல் தண்ணீரைவிட இலேசு. இறக்கை மூழ்கிய பிறகு நிறைந்த தாங்கியும் அதைத் தூக்கவே பார்க்கும்.

நேரம் கொஞ்சம்தான் என்றால் என் வரிசை இது. முதலில் பதிவுப் புத்தகங்கள். எஞ்சினை மாற்றலாம், எத்தனை மணி நேரம் ஓடியது, எது எப்போது மாற்றப்பட்டது என்ற வரலாறு நனைந்து கூழானால் விமானத்தின் விலையே போய்விடும். அடுத்து பற்றரி. மின்னோட்டம் உள்ள வயர் நீரில் கிடந்தால் இரவோடிரவாக அரிக்கும். பிறகு வானொலிக் கருவிகள். பலவும் ஒரு சின்ன சாவியைத் திருப்பினால் தட்டோடு வெளியே வந்துவிடும். அவசரகால சமிக்ஞைக் கருவியையும் கழற்றுங்கள், இல்லையென்றால் தானே கூவி மீட்புக்காரரை அலைக்கழிக்கும். கடைசியாகக் காற்றுத் துளைகளை அடைக்க வேண்டும். அடைக்கும் டேப் சிவப்போ ஆரஞ்சோ, தொங்கும் வால் உள்ளதாக இருக்கட்டும். 1996 ஒக்டோபரில் லீமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு 603, கழுவும்போது அழுத்தத் துளைகள்மேல் ஒட்டிய டேப்பை யாரும் எடுக்காததால் உயரமும் வேகமும் தெரியாமல் கடலில் விழுந்தது. இருந்த 70 பேரும் இறந்தார்கள். அது பளபளப்பான உடம்பில் ஒட்டிய வெள்ளி நிற டேப்.

நீர் வடிந்த பிறகுதான் மனிதர்கள் அதிகம் கெடுக்கிறார்கள். டித்வாவுக்குப் பின் ஒரு பையன் சேறு வடியும் பம்பை என் முற்றத்தில் இறக்கி, கயிற்றில் கையையும் வைத்துவிட்டு, “ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பமா அண்ணே?” என்றான். “கைய எடு தம்பி, முதல்ல பிளக்கக் கழட்டு” என்றேன். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தேங்கிய நீர்மேல் பிஸ்டன் ஏறினால் கனெக்டிங் ரொட் வளையும். பிளக்கைக் கழற்றி மெதுவாகச் சுற்றியபோது துளையால் தண்ணீர் பீய்ச்சியது. விமானத்தில் இன்னும் கடுமை: மாஸ்டர் சுவிட்சைத் தொடக்கூடாது, புரொப்பெல்லரைக் கையால்கூட அசைக்கக்கூடாது. உரிமம் பெற்ற பொறியியலாளர் பார்க்கும்வரை அது பழுதான பொருள் என்றே கணக்கு.

கதவைத் திறக்கும்முன் தட்டிப் பாருங்கள். வெள்ளத்துக்குத் தப்பிய பாம்புக்கு விமானியின் இருக்கை நல்ல இடம். கழுவும்முன் நீர்க்கோட்டை அளவுநாடா வைத்துப் படம் எடுங்கள், காப்புறுதிக்காரர் கேட்கும் முதல் ஆதாரம் அது. பிறகு தாமதிக்காமல் நன்னீர். சேறு காய்ந்தால் ரிவெட் இடுக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்து அலுமினியத்தை உள்ளிருந்து தின்னும். அடிவயிற்றின் வடிகால் துளைகளை ஒவ்வொன்றாகக் கம்பியால் குத்தித் திறக்க வேண்டும். இருக்கைப் பஞ்சையும் உள்விரிப்பையும் தயங்காமல் எறியலாம். சக்கரத் தாங்கிகள், மக்னீட்டோ, சுழல்மானிகள் எல்லாம் கழற்றப்பட வேண்டியவை.

வாங்குபவர்களுக்கும் ஒன்று. பெரிய வெள்ளத்துக்குப் பின் ஓரிரு வருடத்தில், புதுப் பெயின்ற்றோடு மலிவான விமானங்கள் சந்தைக்கு வரும். எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்காமல், வால்கூட்டின் அடிமட்டத்தில் கைக்கண்ணாடியும் டோர்ச்சும் விட்டுப் பாருங்கள். ரிவெட் வரிசையோரம் மெல்லிய காய்ந்த சேறு தென்பட்டால் விலை பேசாமல் திரும்பி வரலாம்.