மக்காச்சோளத்தில் பிறந்தால் மக்கிவிடுமா?

நம்பிக்கை: தாவரத்திலிருந்து எடுத்த பிளாஸ்டிக் என்றால் மண்ணில் போட்டதும் மக்கிவிடும்.

உண்மை: 2009இல் கோகோ கோலா ‘பிளான்ட்பாட்டில்’ என்று ஒன்றை அறிமுகப்படுத்தியது. அதில் 30 சதவீதம் வரை கரும்பு போன்ற பயிர்களிலிருந்து வந்தது. ஆனாலும் அது அசல் பெட் பாட்டில்தான். மறுசுழற்சிக்குப் போகும், மக்காது. நேர்மாறாக, மக்கும் கேரிபேக்குகள் பலவற்றில் சேரும் பிபிஏடி என்ற பாலியெஸ்டர் பெரும்பாலும் பெட்ரோலியத்தின் பிள்ளை. அது உரக்கிடங்கில் மக்கிவிடுகிறது. மூலக்கூறின் பிணைப்பை உடைக்க முடிகிறதா என்பதுதான் நுண்ணுயிரின் கவலை. பூர்வீகத்தை அது விசாரிப்பதில்லை.

மக்காச்சோளச் சர்க்கரையைப் புளிக்கவைத்து, தயிரில் இருக்கும் அதே லாக்டிக் அமிலத்தை எடுத்துச் சங்கிலியாகக் கோத்தால் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக். பெரிய உரக்கிடங்கின் 58 டிகிரிச் சூட்டில் இது சில மாதங்களில் மக்கும். வீட்டுத் தோட்டத்திலோ கடலிலோ அந்தச் சூடு ஏது? வருடக்கணக்கில் கிடக்கும். ‘மக்கும்’ என்று மட்டும் அச்சடித்து, எங்கே மக்கும் என்பதை விட்டுவிடுவது பாதிப் பொய்.

நம்பிக்கை: இதெல்லாம் நேற்றைய கண்டுபிடிப்பு.

உண்மை: பாக்டீரியாவுக்குள் பிஹெச்பி என்ற பாலியெஸ்டர் சேர்வதை பாரிஸில் மொரிஸ் லெமுவான் விவரித்தது 1926இல். டூபாண்ட் நிறுவனத்தில் கரோதர்ஸ் குழு, லாக்டிக் அமிலத்திலிருந்து வரும் லாக்டைடைக் கோத்துப் பார்த்தது 1932இல்.

நம்பிக்கை: பிஎல்ஏ சூடு தாங்காது, எதற்கும் உதவாது.

உண்மை: சூடு விஷயத்தில் புகார் நியாயமானதே. சாதாரண பிஎல்ஏ 60 டிகிரியை நெருங்கும்போதே இளகும். கொதிக்கக் கொதிக்கக் காபி ஊற்றினால் டம்ளர் கோணிக்கொள்ளும். ஆனால் லாக்டிக் அமிலத்துக்கு ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான எல், டி என்ற இரு வடிவங்கள் உண்டு. சங்கிலி முழுக்க எல் என்றால் படிகமாகி இறுகும். இடையிடையே டி கலந்தால் படிகமாவது குறையும், அதிகமானால் நின்றே போகும். எல் மட்டுமே உள்ள சங்கிலியையும் டி மட்டுமே உள்ள சங்கிலியையும் சரிபாதி சேர்த்தால் இரண்டும் பின்னிக்கொண்டு, உருகுநிலை சுமார் 50 டிகிரி ஏறுகிறது. 1987இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியது இது.

கோக்கும் கண்ணிகளை மாற்றிக் குணத்தை மாற்றும் இந்த வித்தையை முதலில் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர்கள் அறுவை சிகிச்சை நிபுணர்கள். ‘விக்ரில்’ தையல் நூலில் கிளைகோலைடு என்ற இன்னொரு கண்ணி 90 பங்கு, லாக்டைடு 10 பங்கு. 56 முதல் 70 நாளுக்குள் உடல் அதைக் கரைத்துவிடும். தையல் பிரிக்க வேண்டியதில்லை. எல் வடிவத்தை மட்டும் கோத்துச் செய்த எலும்புத் திருகோ உடலுக்குள் சில ஆண்டுகள்கூட இருக்கும்.