முழங்காலுக்குள் ஒரு நெம்புகோல்

பொங்கல் வந்துவிட்டால் தாமிரபரணிக் கரை ஊர்களில் கபடி ஆட்டம் களைகட்டும். 1994ஆம் ஆண்டு ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடிய மணத்தி கணேசன் இந்தப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவரே. ஆனால் இதே களங்களில் வேறொரு செய்தியும் அடிக்கடி காதில் விழும். "அவனுக்கு முட்டியில் ஜவ்வு கிழிந்துவிட்டது" என்பார்கள். அறுவை சிகிச்சை முடிந்து மூன்றே மாதத்தில் நன்றாக நடக்கும் அந்த இளைஞன், உடனே களத்தில் இறங்கலாமா? இந்தக் கேள்விக்கு விடை காண, நாம் வகுப்பில் படித்த நெம்புகோலும் திருப்புத்திறனும் துணை செய்யும்.

ஜவ்வு என்பது எது?

ஜவ்வு என்றதும் மெல்லிய படலம் என எண்ணிவிடாதீர்கள். இது கயிறு போன்ற உறுதியான நார். மருத்துவர்கள் இதை 'லிகமெண்ட்' என்பர். தொடையெலும்பையும் கணைக்கால் எலும்பையும் இணைக்கும் நார்களுள், மூட்டின் நடுவே குறுக்காகச் செல்பவை இரண்டு. அவற்றில் முன்னதை முன் குறுக்குநார் எனலாம். மருத்துவச் சீட்டில் 'ஏ.சி.எல்.' என்று எழுதப்படுவது இதுதான். சுமார் 3 சென்டிமீட்டர் நீளமே உள்ள இந்த நார், இளவயதினரிடம் ஏறத்தாழ 2000 நியூட்டன் இழுவிசையைத் தாங்கும். அதாவது 200 கிலோகிராம் எடையைத் தொங்கவிடலாம்! கணைக்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமல் பிடித்து வைப்பதே இதன் முதன்மையான வேலை.

கபடி பாடிச் செல்பவர் ஓடிய வேகத்தில் பாதத்தை ஊன்றிச் சட்டெனத் திரும்புகிறார். பாதம் மண்ணில் நிற்கிறது, உடல் சுழல்கிறது. அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்குகிறது. யாரும் தொடாமலேயே நார் அறுந்துபோவது இப்படித்தான்.

முழுவதும் அறுந்த நார் பெரும்பாலும் தானாக ஒட்டுவதில்லை. ஆகவே நோயாளியின் உடலிலிருந்தே ஒரு தசைநாணை எடுத்து, எலும்புகளில் துளையிட்டு, அதை நாரின் இடத்தில் பொருத்துகிறார்கள். இங்கிலாந்தின் ஹே குரோவ்ஸ் என்ற மருத்துவர் 1917ஆம் ஆண்டிலேயே இவ்வகைச் சிகிச்சையைச் செய்தார். இன்று சிறு துளை வழியே உள்நோக்கிக் கருவி கொண்டு செய்கிறார்கள்.

தசை ஏன் தளர்கிறது?

வியப்பு இனிமேல்தான். பழுதானது நார், ஆனால் மெலிவது தொடைத் தசை! தொடையின் முன்புறம் நான்கு பகுதிகளைக் கொண்ட நாற்றலைத் தசை இருக்கிறது. காலை நீட்டுவது இதன் பணி. அறுவை முடிந்த சில வாரங்களிலேயே இது கண்ணுக்குத் தெரியும்படி சூம்பிவிடும்.

காலுக்கு வேலை தராமல் வைத்திருப்பது ஒரு காரணம். மற்றொன்று நரம்பு சார்ந்தது. மூட்டு வீங்கினால் அங்குள்ள உணர்நரம்புகள் தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்ப, தண்டுவடம் நாற்றலைத் தசைக்குச் செல்லும் கட்டளையைக் குறைத்துவிடுகிறது. காயமே இல்லாத முழங்காலுக்குள் ஊசி வழியே உப்புநீரைச் செலுத்தி ஆய்வாளர்கள் சோதித்தார்கள். அப்போதும் தசை தளர்ந்தது. எனவே நோயாளி சோம்பலால் காலை இறுக்காமல் இருக்கிறார் என்று எண்ணுவது தவறு. மின்விளக்கு நன்றாக இருந்தும் மின்சாரம் குறைந்தால் ஒளி மங்குகிறதல்லவா, அது போலத்தான். இதனால்தான் முதலில் வீக்கத்தை வடியவைக்க முயல்கிறார்கள்.

வலுவை அளப்பது எப்படி?

உயரமான பலகையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடுவதாகக் கொள்வோம். கணுக்காலுக்குச் சற்று மேலே ஒரு பட்டையைக் கட்டி, அதைப் பின்புறம் அசையாத கம்பத்தோடு விசைமானி வழியாக இணைக்கிறோம். இப்போது காலை முன்னே நீட்ட முயன்றால் விசைமானி அளவைக் காட்டும். முழங்காலே ஆதாரப்புள்ளி.

பட்டை முழங்காலிலிருந்து 0.35 மீட்டர் தொலைவில் உள்ளது. நல்ல கால் 400 நியூட்டன் காட்டுகிறது. அறுவை செய்த கால் 280 நியூட்டன் காட்டுகிறது.

நல்ல காலின் திருப்புத்திறன் = 400 × 0.35 = 140 நியூட்டன் மீட்டர்
அறுவை செய்த காலின் திருப்புத்திறன் = 280 × 0.35 = 98 நியூட்டன் மீட்டர்
விகிதம் = 98 ÷ 140 = 0.70, அதாவது 70 விழுக்காடு

இந்த விழுக்காட்டைத்தான் இயன்முறை மருத்துவர்கள் தம் குறிப்பேட்டில் எழுதி வருகிறார்கள். பெரிய மருத்துவமனைகளில் கால் ஒரே கோணவேகத்தில் அசையும்படி செய்து அளக்கும் இயந்திரமும் உண்டு.

ஒரு எச்சரிக்கை: ஓய்வின்போது நல்ல காலும் ஓரளவு வலுவிழக்கும். பகுதி சிறுத்தால் பின்னம் பெருக்கும் அல்லவா? ஆகவே விகிதம் மட்டும் நன்றாக இருந்தால் போதாது. இரு கால்களின் அளவும் உயர வேண்டும்.

சில்லும் விசைக்கூறும்

140 நியூட்டன் மீட்டரை உண்டாக்கத் தசை எவ்வளவு இழுத்தது? தசைநாண் ஆதாரப்புள்ளியிலிருந்து சுமார் 4 சென்டிமீட்டர் தள்ளியே இழுக்கிறது. 140 ÷ 0.04 = 3500 நியூட்டன்! கிணற்றுக் கப்பி போலத் தசைநாணைத் தாங்கி முன்னே தள்ளி நிறுத்துவது முழங்கால் சில்லு. அது இல்லாவிட்டால் அந்த 4 சென்டிமீட்டர் குறைந்து, தசை இன்னும் அதிகமாக இழுக்க நேரிடும்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. கால் ஏறக்குறைய நேராக இருக்கும்போது சில்லின் கீழுள்ள நாண் சற்று முன்சாய்ந்து இழுக்கிறது. சாய்வு 15 பாகை என்றால், 1000 நியூட்டன் இழுவிசையில் முன்னோக்கிய கூறு 1000 × சைன் 15° = சுமார் 260 நியூட்டன். கணைக்கால் எலும்பை முன்னே நகர்த்தும் இக்கூற்றைத் தடுப்பதில் பெரும்பங்கு முன் குறுக்குநாருக்கு உரியது. புதிதாகப் பொருத்திய நாரோ முதல் மாதங்களில் வலுக் குறைந்து, புதிய இரத்தக் குழாய்கள் வளர்ந்த பின்பே மெல்ல உறுதி பெறுகிறது. எனவே தொடக்கத்தில் கணுக்காலில் எடையைக் கட்டி முழுவதும் நீட்டுவதைத் தவிர்ப்பார்கள். பாதத்தைத் தரையில் ஊன்றிச் சிறிதளவு உட்கார்ந்து எழச் சொல்வார்கள். அப்போது தொடையின் பின்தசையும் சேர்ந்து இயங்கி, எலும்பைப் பின்னோக்கி இழுத்துக் காக்கிறது.

இளவட்டக்கல் தரும் பாடம்

திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலையொட்டி இளவட்டக்கல் தூக்கும் போட்டி நடைபெறுகிறது. கற்கள் பல எடைகளில் உள்ளன. சிறிய கல்லில் பழகியவரே பெரிய கல்லுக்குப் போவார். மருத்துவமும் இதே வழியில்தான் செல்கிறது. இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், மெலிந்த தசைக்கு லேசான பயிற்சி போதாது, சுமையைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும் என்று 1945இல் எழுதினார். பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடையைக் கண்டறிந்து, முதலில் அதில் பாதி, அடுத்து முக்கால், பிறகு முழு எடை எனத் தூக்கச் செய்யும் முறை அவர் பெயரால் வழங்குகிறது. ஆனால் எப்போது, எவ்வளவு சுமை என்பதை இயன்முறை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

எப்போது களம் இறங்கலாம்?

50 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் அரை மீட்டர் உயரத்திலிருந்து குதிக்கிறார். முழங்காலை மடக்கி 25 சென்டிமீட்டரில் உடலை நிறுத்தினால், தரை தரும் சராசரி விசை 1500 நியூட்டன். தசை தளர்ந்திருப்பதால் விறைப்பாக இறங்கி 5 சென்டிமீட்டரில் நின்றால் 5500 நியூட்டன்! நாற்றலைத் தசை வலுவாக இருந்தால்தான் அது அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு நாரைக் காக்கும். நடப்பதற்கு இவ்வளவு வலு தேவையில்லை. அதனால்தான் நன்றாக நடப்பவரும் ஆட்டத்துக்குத் தயாராகாதவராக இருக்கக்கூடும்.

நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட முடிவு கவனிக்கத்தக்கது. அறுவைக்குப் பின் ஒன்பது மாதம் வரை, களம் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மீண்டும் காயமுறும் வீதத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது. ஆகவே ஒன்பது மாதம், 90 விழுக்காடு வலு என்ற இரண்டையும் பலர் அளவுகோலாகக் கொள்கின்றனர். கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த் 2022 டிசம்பர் 30 அன்று விபத்துக்குள்ளாகி, 2023 ஜனவரியில் முழங்கால் நார்களுக்கு அறுவை செய்துகொண்டார். அவர் மீண்டும் ஆடியது 2024 மார்ச்சில். எல்லா வசதியும் பெற்ற வீரருக்கே ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

வலி நிற்பது ஒன்று. வலு திரும்புவது வேறொன்று. உங்கள் அணியில் ஒருவர் இந்தச் சிகிச்சையில் இருந்தால், "இந்தப் பொங்கலுக்கு ஆட வருவாயா?" என்று கேட்காதீர்கள். "இப்போது எத்தனை விழுக்காடு?" என்று கேளுங்கள்.

சிந்தனைக்கு: மேற்கண்ட சோதனையில் ஒரு காலுக்குப் பட்டையை 35 சென்டிமீட்டரிலும், மறு காலுக்கு 30 சென்டிமீட்டரிலும் கட்டிவிட்டு, விசைகளை மட்டும் ஒப்பிட்டால் என்ன பிழை நேரும்? எந்தக் கால் உள்ளதைவிட வலுவானதாகத் தோன்றும்?