ஹெட்போன் ஒப்பீடு: முதலில் வால்யூமைச் சமப்படுத்துங்கள்

விலை உயர்ந்த இரண்டு ஹெட்போன்களை மாற்றி மாற்றிக் கேட்டால், எது சத்தமாக ஒலிக்கிறதோ அதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும். ஒரு டெசிபல் வித்தியாசமே போதும். குரல் தெளிவாகவும் பாஸ் கூடுதலாகவும் இருப்பதாகத் தோன்றும்.

சென்ஹைசர் நிறுவனத்தின் எச்டி 600 (1997), எச்டி 650 (2003) ஆகிய இரண்டும் 300 ஓம் இம்பீடன்ஸ் கொண்டவை. கம்ப்யூட்டரின் ஹெட்போன் ஜாக் தரும் வோல்டேஜ் குறைவு. அதே வோல்டேஜில் இம்பீடன்ஸ் கூடக்கூட ஹெட்போனுக்குக் கிடைக்கும் மின்சக்தி குறையும். எனவே சாதாரண 32 ஓம் ஹெட்போனை விட இவை பெரும்பாலும் மெதுவாகவே ஒலிக்கும். "இவ்வளவு விலைக்கு இதுதானா?" என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

விண்டோஸில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ், பிளேயரில் ஈக்வலைசர் இரண்டையும் நிறுத்திவிடுங்கள். எல்லா அதிர்வெண்களும் கலந்த 'பிங்க் நாய்ஸ்' பைல் ஒன்றை இயக்கி, இரண்டிலும் ஒரே அளவு சத்தம் வருமாறு வால்யூமை மாற்றி, அந்த எண்களைக் குறித்துக் கொள்ளுங்கள். பிறகு நன்கு பழகிய பாட்டில் 20 விநாடிகளை மட்டும் இரண்டிலும் கேளுங்கள். உடனுக்குடன் மாற்ற வேண்டும். ஒலியின் நுணுக்கம் நெடுநேரம் நினைவில் நிற்காது.

மேலே சொன்ன இரண்டும் திறந்த அமைப்பு கொண்டவை. கடைத்தெரு இரைச்சல் முழுவதும் உள்ளே வரும். அமைதியான அறையில் கேட்பதே சரி.

வால்யூமை 100 வரை ஏற்றியும் போதவில்லையா? தனி ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். அந்த விலையையும் சேர்த்துக் கணக்கிட்டு வாங்குங்கள்.