கண் சொன்ன சேதி

மட்டாஞ்சேரியில் ஒரு கிடங்கு. மிளகு, சுக்கு மணம் தெருவெங்கும் வீசும். அங்கே ஒரு பெண் சுக்கு பிரிக்கும் வேலை செய்கிறாள். வயது 30. மாலையில் எழுத்து வகுப்புக்குப் போவாள்.

ஒரு நாள் அவளுடைய இடது கண் மங்கியது. கண்ணை அசைத்தால் வலித்தது. சிவப்புச் சேலை வெளுத்துத் தெரிந்தது.

"சுக்குத் தூசி பட்டிருக்கும். எண்ணெய் விட்டால் சரியாகிவிடும்" என்றார் கணவர்.

பக்கத்து வீட்டில் ஒரு சுகாதாரப் பணியாளர் இருந்தார். "வேண்டாம் அண்ணா! கண்ணில் எதையும் விடாதீங்க. அக்காவை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

டாக்டர் சோதித்தார். "கண்ணின் பின்னால் இருக்கும் நரம்பில் அழற்சி அம்மா" என்றார். மூன்று நாள் ட்ரிப்ஸில் மருந்து ஏற்றினார்கள். சில வாரங்களில் பார்வை திரும்பியது.

தலையை எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்கள். மூளையில் சில புள்ளிகள் தெரிந்தன. "கண் சரியானாலும் வந்து காட்டம்மா. இதை எழுதி வைத்துக்கொள்" என்றார் டாக்டர். அவள் வகுப்பு நோட்டில் எழுதினாள்: 'இடது கண். நரம்பு அழற்சி. ஆடி மாதம்.'

ஆனால் கூலி போகுமே என்று பிறகு போகவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. அவளுக்குக் கால் மரத்தது. நடை தள்ளாடியது. "நின்று நின்று வந்த களைப்பு" என்றார் கணவர். அவள் பழைய நோட்டை எடுத்தாள். தான் எழுதியதைத் தானே படித்தாள். கண்ணுக்கும் காலுக்கும் சம்பந்தம் இருக்குமோ? நோட்டோடு டாக்டரிடம் போனாள். சம்பந்தம் இருந்தது!

என்ன சம்பந்தம்?

மின்கம்பிக்கு மேலே உறை இருக்கிறது. நரம்புக்கும் அப்படி உறை உண்டு. நம் உடம்பில் நோயை எதிர்க்கும் சக்தி இருக்கிறது. சிலருக்கு அது தவறிப்போய் நரம்பின் உறையையே அரிக்கிறது. கண் நரம்பில் அரித்தால் பார்வை மங்கும். மூளையிலும் முதுகுத் தண்டிலும் அரித்தால் கை கால் மரக்கும். இந்த நோயின் பெயர் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ். பெண்களுக்கே அதிகம் வருகிறது. இது தொற்றாது. சாபமும் அல்ல, கண்ணேறும் அல்ல.

கண் நரம்பு அழற்சி வந்த எல்லாருக்கும் எம்.எஸ். வராது. அமெரிக்காவில் 1988 முதல் 1991 வரை நோயாளிகளைச் சேர்த்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். 15 ஆண்டுகள் கவனித்தார்கள். 100 பேருக்கு 50 பேர் என்ற கணக்கில் எம்.எஸ். வந்தது. முதல் படத்தில் புள்ளி இல்லாதவர்களில் 100-க்கு 25 பேர். புள்ளி இருந்தவர்களில் 100-க்கு 72 பேர். படம் எடுப்பது ஏன் முக்கியம் என்று புரிகிறதா?

நம் நாட்டில் இதே போலக் கண்ணில் தொடங்கும் வேறு நோய்களும் உண்டு. அவற்றுக்கு மருந்து வேறு. ரத்தச் சோதனை அவற்றைக் கண்டறிய உதவும். அதனால் கடையில் நாமே மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது.

எம்.எஸ். முழுதாகத் தீராது. ஆனால் அடிக்கடி தாக்காமல் குறைக்க மருந்து உண்டு. சீக்கிரம் தொடங்கினால் நல்லது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் இந்த நோய் சேர்க்கப்பட்டுள்ளது.

அந்தப் பெண் இப்போது உட்கார்ந்து சுக்கு பிரிக்கிறாள். டாக்டர் சொன்ன தேதிகளை நோட்டில் எழுதுகிறாள். ஒன்றையும் தவறவிடுவதில்லை.

பதில் எழுதுங்கள்

1. கண்ணில் தெரிந்த மூன்று அறிகுறிகள் எவை?
2. நோட்டில் எழுதியது எப்படி உதவியது?
3. உங்கள் வீட்டில் யாருக்காவது பெரிய நோய் வந்ததா? நோயின் பெயர், மாதம், ஆண்டு மூன்றையும் உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள்.